மாடிக்குப் போய்த் தண்ணீர் குடிக்கும் மெக்கானிக்

அவருக்குக் காது என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு ஒன்று இருக்கிறது, ஆனால் அதை மின்சார ஆபீஸ்காரர்களைத் தவிர வேறு யாரும் உபயோகிப்பதில்லை. பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் எவராவது, "வண்டியில ஏதோ சத்தம் வருது, என்னன்னே பிடிபடலை" என்று புலம்பினால், கேட்பவர் யோசிக்காமல், "காதுகிட்ட கொண்டு போ" என்பார். புதிதாகக் கேள்விப்படுகிறவர்கள், வண்டிக்கு வியாதி என்றால் காது டாக்டரிடம் எதற்கு அனுப்புகிறார்கள் என்று பேந்தப் பேந்த விழிப்பதுண்டு.

பார்வைக்கு அந்தக் காதுகளில் விசேஷம் ஒன்றும் கிடையாது. சாதாரண அளவு. இடது காது ஒரு சுற்றுச் சிறியது என்றுகூடச் சொல்லலாம், அதன் மேல் எப்போதும் ஒரு பென்சில் உட்கார்ந்திருக்கும். ஆள் நடுத்தர உயரம், லேசான தொப்பை, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கரி படிந்த நகங்கள். புது வண்டிகளைத் தொடமாட்டார். "அதுல என்னங்க இருக்கு, தையல் மிஷின் மாதிரி ஓடுது" என்று ஒருமுறை வாய் தவறிச் சொன்னார். உடனே மாடியில் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது. அது மறுபடி ஓடும்வரை அவர் ஒரு திருகாணியைக்கூடத் திருகவில்லை. அதற்குப் பிறகு உவமையை மாற்றிக்கொண்டார்.

வண்டியைப் பரிசோதிக்க அவர் வைத்திருந்த முறைதான் பிரசித்தம். வண்டி வந்ததும் தொடமாட்டார். கையைத் துடைப்பார். கிக்கரை ஒரே உதையில் உதைத்து வண்டியை உயிர்ப்பிப்பார். ஆக்சிலேட்டரை ஏற்றுவார், இறக்குவார். கண்ணை மூடுவார். தலையைச் சாய்ப்பார். நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை இன்ஜினில் வைத்துப் பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு, உள்ளே யாரோ ரகசியம் சொல்வதுபோலப் புருவத்தைச் சுருக்குவார். வண்டிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு, இன்ஜினை அணைக்காமலே, "ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வரேன்" என்று பட்டறையின் பக்கவாட்டில் இருக்கும் இரும்புப் படியில் ஏறி மாடிக்குப் போவார். திரும்பி வரும்போது புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டே, "டேப்பெட் இல்லை. டைமிங் செயின் தளர்ந்திருக்கு" என்பார். பிரித்துப் பார்த்தால் டைமிங் செயின்தான் தளர்ந்திருக்கும். ஒரு தடவைகூடத் தப்பியது கிடையாது.

இந்தத் தண்ணீரைப் பற்றி ஆளாளுக்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். சூடான மூளை குளிர்ந்தால்தான் சத்தம் பிரிந்து தெரியும் என்றார் ஒருவர். இன்ஜினைக் கொஞ்சம் தூரத்திலிருந்து கேட்பதற்காகத்தான் போகிறார் என்றார் இன்னொருவர். வெளியூரிலிருந்து வந்த ஒரு வண்டிக்காரர், அவர் சிரமப்பட்டு ஏறி இறங்குகிறாரே என்று இரக்கப்பட்டுத் தன் பாட்டிலை நீட்டினார். காது அதைத் தொடவில்லை. "வீட்டுத் தண்ணிதான் எனக்கு ஒத்துக்கும்" என்று சொல்லிவிட்டுப் படியேறிவிட்டார்.

தண்ணீர் என்னவோ மாடியில்தான் இருந்தது. கூடவே, பட்டறைக்கு நேர் மேலே இருக்கும் ஜன்னல் ஓரத்தில், தையல் மிஷினுக்குப் பின்னால் அவருடைய மனைவியும் இருந்தாள்.

காதும் காதும் வைத்த மாதிரி நடந்துவந்த விஷயம் இதுதான். அவர் மேலே வந்து தம்ளரை எடுப்பார். அவள் துணியிலிருந்து தலையைத் தூக்காமல், பல்லில் நூலைக் கடித்துக்கொண்டே, "கிளட்ச்சைப் பிடிச்சா சத்தம் நின்னுடுது. அப்ப அந்தப் பக்கம் பாருங்க" என்பாள். அல்லது, "அது இன்ஜினே இல்லைங்க. மட்கார்டு கம்பி விட்டிருக்கு, போய் அழுத்திப் பிடிச்சுப் பாருங்க" என்பாள். அவர், "ம், நானும் அதைத்தான் நினைச்சேன்" என்று இரண்டு மடக்குக் குடித்துவிட்டு இறங்குவார்.

இது ஆரம்பித்தது கல்யாணமான புதிதில். பட்டறையும் புதிது. ஒரு வண்டி அவரை நாள்கணக்கில் ஆட்டி வைத்துக்கொண்டிருந்தது. கழற்றுகிறார், மாட்டுகிறார், சத்தம் போகவில்லை. டீ கொண்டுவந்து கொடுத்த புதுப் பெண்டாட்டி கொஞ்சநேரம் நின்று கேட்டுவிட்டு, "என் மிஷின்ல ஊசி லேசா வளைஞ்சா இப்படித்தாங்க சத்தம் வரும். நேரா நிக்க வேண்டியது எதுவோ சாஞ்சு நிக்குது" என்றாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவள் மேலே போனதும், சும்மா பார்ப்போமே என்று திறந்தார். உள்ளே வால்வைத் தள்ளும் கம்பி, நேராக நிற்க வேண்டியது, லேசாக வளைந்திருந்தது. அன்று சாப்பிடும்போது அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. அடுத்த வண்டி சத்தத்தோடு வந்தபோதுதான் அவருக்கு முதன்முதலாகத் தாகம் எடுத்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டும், மனிதர் ஒன்றும் தெரியாதவர் அல்ல. எது கெட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும், அதை அவரைப் போலச் சரிசெய்ய இன்னொரு ஆள் பிறந்து வர வேண்டும். கை தங்கம், கண் வெள்ளி. காதுதான் தகரம். ஆனால் இத்தனை காலம் எல்லோரும் காது, காது என்று கூப்பிட்டால் எந்த மனிதனுக்குத்தான் கொஞ்சம் நம்பிக்கை வராது? 'முதலில் எனக்குத்தான் தோன்றியது, அவளிடம் சும்மா ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டேன்' என்று அவரே நம்ப ஆரம்பித்திருந்தார். பழைய வண்டிக்காரர்கள் சங்கம் அவருக்கு 'நுண்செவியாளர்' என்று பொறித்த கேடயம் கொடுத்த அன்று, மனைவிதான் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள், "அம்மா, நீதானே..." என்று ஆரம்பிக்க, தொடையில் ஒரு கிள்ளு வைத்து அடக்கியவளும் அவள்தான். அந்தக் கேடயத்தை வீட்டில் துடைத்து வைப்பவளும் அவள்தான். அதைத் துடைக்கும்போது அவள் முகத்தில் என்ன இருந்தது என்று அவர் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

மகள் வளர்ந்து, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய், இப்போது பிரசவத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. அம்மா பக்கத்தில் இருந்தால் நல்லது என்றாள். அம்மா கிளம்பினாள்.

போவதற்கு முன் ஒரு பட்டியல் ஒப்பித்தாள். கேஸை மூட மறக்காதீங்க. ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்க. பால்காரருக்கு அரை லிட்டர் போதும்னு சொல்லுங்க. கடைசியாக, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "போஸ்ட்மாஸ்டர் வண்டிக்கு சைலன்சர் பைப்பை மாட்டும்போது அந்தச் செம்பு வளையத்தைப் புதுசாப் போடுங்க. பழசு நசுங்கிப் போச்சு" என்றாள்.

"எனக்குச் சொல்றியா?" என்றார் காது.

போஸ்ட்மாஸ்டர் என்பவர் சங்கத்தின் தலைவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாளாகிவிட்டது, ஆனாலும் தபால் முத்திரை குத்துவதுபோல் ஒவ்வொரு வார்த்தையையும் அழுத்தி வைத்துத்தான் பேசுவார். அவருடைய வண்டி கரும்பச்சை நிறம், ஒற்றை சிலிண்டர், சங்கத்திலேயே மூத்தது. டேங்க்கைத் துடைக்கத் தனிக் கைக்குட்டை வைத்திருப்பார், மூக்குக்கு வேறு. வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் ஊர்வலம். பழைய வண்டிகள் எல்லாம் வரிசையாகப் போகும், தலைவர் வண்டி முன்னால் போகும். அதற்காகச் சைலன்சர் பைப்பைக் கழற்றி முலாம் பூசிக் கொண்டுவந்திருந்தார். அதைத் திரும்ப மாட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

மனைவி பஸ் ஏறிய மறுநாள் காது அதை மாட்டினார். பைப் இன்ஜினோடு சேரும் இடத்தில் புகை கசியாமல் இருக்க ஒரு செம்பு வளையம் வைக்க வேண்டும். புது வளையம் வாங்க மச்சினனின் உதிரி பாகக் கடைவரை நடக்க வேண்டும். வெயில். பழைய வளையத்தை விரலில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு என்ன குறைச்சல்? நல்லாத்தானே இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதையே வைத்து முடுக்கிவிட்டார். வெயிலைவிட, பெண்டாட்டி சொல்லிவிட்டாள் என்பதுதான் அன்று அவரைத் தடுத்தது என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே போஸ்ட்மாஸ்டர் வண்டியோடு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"சத்தம் வருதுப்பா."

"என்ன சத்தம் சார்?"

"என்ன சத்தம்னு நான் சொல்லிட்டா நீ எதுக்கு?"

காது கையைத் துடைத்தார். கிக்கரை உதைத்தார். கண்ணை மூடினார். சத்தம் இருந்தது, அவருக்கே கேட்டது. டக்டக்டக் என்று, இன்ஜினின் தலைப்பக்கம். கொஞ்சநேரம் ஓடிச் சூடானதும் குறைந்தது. ஸ்குரூடிரைவரை வைத்தார், காதை அழுத்தினார், புருவத்தைச் சுருக்கினார். ஒன்றும் விளங்கவில்லை. வண்டி எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் டக்கியது.

"ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வரேன்" என்று பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. கால் படியேறிவிட்டது.

மாடியில் தையல் மிஷின் உறை போட்டு மூடியிருந்தது. ஜன்னலில் வெயில். அவர் தம்ளரில் தண்ணீர் பிடித்துக் குடித்தார். இன்னொரு தம்ளர் குடித்தார். ஒன்றும் தோன்றவில்லை. வயிறுதான் நிறைந்தது. கீழே வந்து வாயைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

போஸ்ட்மாஸ்டர் காத்திருந்தார்.

"வண்டி இங்கேயே இருக்கட்டும் சார்" என்றார் காது. "இது கொஞ்சம்... ஆழமான சத்தம்."

போஸ்ட்மாஸ்டர் ஜன்னலை ஒருமுறை பார்த்தார், அவரை ஒருமுறை பார்த்தார். "சனிக்கிழமைக்குள்ள முடிச்சிடுப்பா. சங்கமே பின்னாடி வரும். முன்னாடி போற வண்டி பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போனா நல்லா இருக்காது" என்று சொல்லிவிட்டு நடந்து போனார்.

அவர் தெரு முனை திரும்பியதும் காது போனை எடுத்தார். மனைவி எடுத்து, மகள் நன்றாக இருக்கிறாள், டாக்டர் இன்றோ நாளையோ என்கிறார் என்று ஆரம்பித்தாள். "சரி சரி, இதைக் கேளு" என்று வண்டியை உதைத்துப் போனை இன்ஜினுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"கேட்டுச்சா?"

"எது?"

"சத்தம்."

"நீங்க பேசறது மட்டும்தாங்க கேக்குது."

ஆக்சிலேட்டரை முறுக்கினார். தெருவே அதிர்ந்தது. "இப்ப?"

"இப்ப நீங்களும் கேக்கலை."

அந்தப் பக்கம் மகள் சிரிக்கும் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. "அப்பா, பின்னாடி வர்ற இரைச்சலை போன் தானே அமுக்கிடும்பா. பேச்சை மட்டும்தான் அனுப்பும். நீங்க வாயால செஞ்சு காட்டுங்க!"

காது தெருவைப் பார்த்தார். எதிரே பாத்திரக் கடைக்காரர் வாசலில் நின்றிருந்தார். வேறு வழியில்லை. போனைக் கையால் பொத்திக்கொண்டு, "டக்டக்டக்டக்" என்றார்.

"சத்தமாச் செய்யுங்க."

"டக்டக்டக்டக்!"

"சரி, சூடானதும்?"

"டக்... டக்... டக்..."

"குறையறது வேகமா, சத்தமா?"

"சத்தம்தான்."

"அப்ப சன்னமாச் செய்யணும், விட்டு விட்டுச் செய்யக் கூடாது. நீங்க என்ன வண்டியை நிறுத்தி நிறுத்தி ஓட்டறீங்களா? இன்னொரு தடவை."

அவர் சன்னமாக, விடாமல் டக்கினார். பாத்திரக் கடைக்காரர் ஒரு குடத்தை எடுத்துத் துடைப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

மனைவி யோசித்தாள். பிறகு, "பைப்புக்கு வளையம் புதுசாத்தானே போட்டீங்க?" என்று கேட்டாள்.

இங்கேதான் மனிதர் கோட்டை விட்டார். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே கதை முடிந்திருக்கும். ஆனால் 'எனக்குச் சொல்றியா' என்று கேட்டு அனுப்பிய வாய், இப்போது எப்படி இறங்கி வரும்? "போட்டேன், போட்டேன்" என்றார். ஏதோ ஒரு வளையம் போட்டது வாஸ்தவம்தானே என்று மனசுக்குள் தனக்காகத் தானே வாதாடிக்கொண்டார்.

"அப்ப பிஸ்டனாத்தான் இருக்கணும்" என்றாள் அவள், அரை மனதாக. "குளிர்ல சிலிண்டருக்குள்ள ஆடும், சூடாச்சுன்னா விரிஞ்சு அடைச்சுக்கும். ஆனா எனக்கு ஒப்பலைங்க. அது நல்ல பிஸ்டனாச்சே. நான் வந்து கேக்கற வரைக்கும் திறக்காம இருக்க முடியாதா?"

"ஞாயித்துக்கிழமை ஊர்வலம்மா."

போன் கைமாறியது. மகள். இப்போது சிரிப்பு இல்லை.

"அப்பா, நான் ஒண்ணு கேக்கறேன், கோபப்படாதீங்க. அம்மா இங்க வந்தும் உங்க வண்டிக்குத்தான் வேலை பாக்கறா. இத்தனை வருஷத்துல ஒருத்தர்கிட்ட, ஒரே ஒருத்தர்கிட்டயாவது, கண்டுபிடிச்சது அவதான்னு சொல்லியிருக்கீங்களா?"

"அது வந்து..."

"அவளுக்கு அது எவ்வளவு ஆசை தெரியுமா? கேக்கமாட்டா. நான் கேக்கறேன்." அதற்குள் அவள் கையிலிருந்து யாரோ போனைப் பிடுங்கினார்கள். "அவ கிடக்கறா, நீங்க போய் வேலையைப் பாருங்க" என்று மனைவியின் குரல் வந்தது, போன் அணைந்தது.

காது போனைச் சட்டைப் பையில் போட்டார். சுருக்கென்றது. பெற்ற பெண் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. ஸ்பேனரை எடுத்தார்.

இன்ஜினைப் பிரிக்க ஆரம்பித்தால் அவருக்கு வேறு உலகம். பைப்பைக் கழற்றிச் சாக்கின் மேல் போட்டார். தலைப்பகுதியைத் தூக்கினார். சிலிண்டரை மெல்ல, குழந்தைக்குச் சட்டை கழற்றுவதுபோல் மேலே உருவினார். பிஸ்டன் வெளியே வந்தது. துடைத்துப் பார்த்தார். கீறல் இல்லை. சிலிண்டருக்குள் விரலை ஓட்டினார், கண்ணாடி. இடைவெளியைத் தகடு விட்டு அளந்தார், இருக்க வேண்டிய அளவு அப்படியே இருந்தது. இதைவிட ஆரோக்கியமான பிஸ்டனை அவர் சமீபத்தில் பார்த்ததில்லை.

அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். சுற்றிலும் சாக்குகளில் தலைவர் வண்டியின் குடலும் ஈரலும் பரந்து கிடந்தன. அவள் தப்பாகச் சொல்லிவிட்டாள். முதன்முறையாக. ஒரு கணம், ஒரே கணம், அவருக்குச் சந்தோஷம்கூட வந்தது. அந்தச் சந்தோஷம் வந்த வேகத்திலேயே போய்விட்டது.

அப்போது பார்வை தற்செயலாகப் பைப்பின் மேல் விழுந்தது. புதுசாக முலாம் பூசிய பைப். அதன் வாயோரத்தில், ஒரு பக்கம் மட்டும், விசிறி மடிப்பை விரித்த மாதிரி கரி அப்பியிருந்தது. எழுந்து போய் இன்ஜினின் தலைப்பகுதியைத் திருப்பினார். பைப் சேரும் இடத்தில் அங்கேயும் அதே கரி. நசுங்கிய வளையத்தின் வழியாக ஒவ்வொரு வெடிப்புக்கும் புகை பீறிட்டு டக், டக், டக் என்று அடித்திருக்கிறது. இரும்பு சூடாகி விரிந்ததும் சந்து அடைத்துக்கொண்டு சத்தம் குறைந்திருக்கிறது. கழற்றும்போதே கண்ணில் பட்டிருக்க வேண்டும். கேட்கத் தெரியாத காதை வைத்துக்கொண்டு காலையிலிருந்து மல்லுக்கட்டியவர், பார்க்கத் தெரிந்த கண்ணை ஒரு நிமிஷம் உபயோகிக்கவில்லை.

மச்சினன் கடைக்கு நடந்தார். அதே வெயில்தான்.

"என்ன மாமா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றான் மனைவியின் தம்பி. மேஜை இழுப்பறையைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய ஒரு செம்பு வளையத்தை எடுத்து வைத்தான். "அக்கா பஸ் ஏறப் போகும்போதே சொல்லிட்டுப் போச்சு, மாமா வருவார், எடுத்து வைன்னு. நீங்க வரவே இல்லை. சரி, வேற எங்கயோ வாங்கிட்டீங்கன்னு நினைச்சேன்."

காது வளையத்தை வாங்கிக்கொண்டு திரும்பினார். பாதித் தெருவில் போன் அடித்தது. மருமகன். பெண் குழந்தை, இருவரும் நலம் என்றான். காது நடுத்தெருவில் நின்று, கரிப்பிடித்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகத்தைப் பார்த்த பாத்திரக் கடைக்காரர் வண்டிதான் வெடித்துவிட்டது என்று நினைத்துப் பதறி ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும் கட்டிப்பிடித்துத் தன் சட்டையையும் கரியாக்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் வண்டியைக் கோத்தார். புது வளையம், புதுப் பேக்கிங், எல்லாத் திருகாணியும் அதனதன் இடத்தில். சனிக்கிழமை காலை போஸ்ட்மாஸ்டர் வந்ததும் உதைத்துக் காட்டினார். குளிர்ந்த வண்டி தொண்டையைச் செருமிவிட்டுச் சீராக மூச்சு விட ஆரம்பித்தது. போஸ்ட்மாஸ்டர் சுற்றி வந்தார், குனிந்தார், நிமிர்ந்தார். கைக்குட்டையை எடுத்து டேங்க்கை ஒரு துடைப்புத் துடைத்தார்.

"காதுன்னா காதுதாம்பா" என்றார்.

இதைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போயிருந்தால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. இத்தனை காலம் அப்படித்தான் போனார். அன்று அவரால் முடியவில்லை. மாடி ஜன்னல் சாத்தியிருந்தது. அவள் போனதிலிருந்து அந்த வீட்டில் மிஷின் சத்தமும் இல்லை, "சாப்பிட வாங்க" என்ற சத்தமும் இல்லை. அவள் இல்லாமல் வீடு வீடாகவே இல்லை என்று அவர் மூன்று வேளையும் தனியாகச் சாப்பிட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்.

"சார், ஒரு விஷயம்" என்றார். "இந்தச் சத்தம் என்னால வந்தது. பழைய வளையத்தையே போட்டுட்டேன். தேவையில்லாம உங்க இன்ஜினையும் பிரிச்சுட்டேன். என் வீட்டுக்காரி புதுசு போடச் சொல்லிட்டுத்தான் போனா." நிறுத்தினார். இன்னும் முக்கியமானது பாக்கி இருந்தது. "இது மட்டும் இல்லை. இத்தனை வருஷமா கண்டுபிடிச்சதெல்லாம் அவதான் சார். எனக்குக் கை மட்டும்தான். காது அவளோடது."

சொல்லிவிட்டு, இடி விழட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

இடி ஒன்றும் விழவில்லை. போஸ்ட்மாஸ்டர் கைக்குட்டையை நிதானமாக நாலாக மடித்தார்.

"தெரியும்பா" என்றார்.

"தெரியுமா?"

"எனக்கென்ன, சங்கத்துக்கே தெரியும். நாங்க வர்றப்பல்லாம் வண்டியை ஏன் ஜன்னலுக்கு நேரா நிறுத்தறோம்னு நினைச்சே? நீ மேல போனதும் நாங்க ஏன் வாயை மூடிக்கிட்டு ஆக்சிலேட்டரை ஒரே சீரா பிடிச்சுக்கிட்டு நிக்கறோம்? அந்தம்மாவுக்குச் சரியாக் கேக்கணும்னுதான். நீ தண்ணி குடிக்கப் போறே, நாங்களும் விட்டுட்டோம். பாவம், மனுஷன் எவ்வளவு தண்ணிதான் குடிப்பான்னு கவலைதான் பட்டோம்."

காதுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. எதிரே பார்த்தார். பாத்திரக் கடைக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார்.

"அப்புறம் அந்தக் கேடயம்..." என்று இழுத்தார் காது.

"உன் பேரைப் போடலாம்னு ஒரு கட்சி, அந்தம்மா பேரைப் போடலாம்னு ஒரு கட்சி. கடைசியில யார் பேரும் போடாம 'நுண்செவியாளர்'னு மட்டும் பொறிச்சோம். நீ எடுத்துக்கிட்டே" என்றார் போஸ்ட்மாஸ்டர். கிக்கரை உதைத்தார். "அந்தம்மா வந்ததும் சொல்லு, சங்கம் விசாரிச்சுதுன்னு. பேத்திக்கு வாழ்த்துகள்." வண்டி கிளம்பிப் போனது. நல்ல சத்தம்.

காது கடையைப் பாதி மூடிவிட்டு முக்காலியில் உட்கார்ந்து போன் செய்தார். மனைவி எடுத்தாள். பின்னால் குழந்தை சிணுங்கியது.

முதலில் வளையத்தைச் சொன்னார். அவள் சும்மா விடவில்லை. "போட்டேன், போட்டேன்னு சொன்னீங்களே! நல்ல பிஸ்டனை அநியாயமா வெளிய இழுத்துட்டீங்களே! நான் என் காதையே சந்தேகப்பட்டு ரெண்டு நாளாத் தூங்கலை, தெரியுமா?" என்று பொரிந்து தள்ளினாள். அவர் வாங்கிக்கொண்டார். வாங்க வேண்டியதுதான் என்றுகூட இருந்தது.

அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "போஸ்ட்மாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

"வளையத்தையா?"

"இல்லை. எல்லாத்தையும். கண்டுபிடிக்கறது நீதான்னு. எப்பவும் நீதான்னு." பிறகு அசடு வழியச் சேர்த்துக்கொண்டார். "அவங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா. ஊருக்கே தெரியுமாம்."

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. போன் அவளையும் அமுக்கிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். லைனில்தான் இருந்தாள்.

"ஊருக்குத் தெரியும்னு எனக்கு எப்பவோ தெரியுங்க" என்றாள் மெதுவாக. "நீங்க சொல்லுவீங்கன்னுதான் எனக்குத் தெரியாது."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். குழந்தை சிணுங்குவதை நிறுத்தியிருந்தது. அந்த அமைதியில், மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒன்று கேட்டது. ஒருமுறை. கொஞ்சம் விட்டு இன்னொரு முறை. காது கண்ணை மூடினார், தலையைச் சாய்த்தார், புருவத்தைச் சுருக்கி மிகக் கவனமாகக் கேட்டார்.

"என்னம்மா, சளி பிடிச்சிருக்கா?" என்றார்.

"ஆமாங்க" என்றாள் அவள், புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "சளிதான். நேரமாகுது, போய்ச் சாப்பிடுங்க."